ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்!



ஒரு பொருளை வாங்கும் வரைக்கும் நாம் மகாலட்சுமி. வாங்கிய பொருள் கெட்டுப்போய்விட்டால் நாம் யாரோ, எவரோ! கடைக்குள் நுழையும்போது, "வாங்கம்மா, உட்காருங்கம்மா, ஜில்லுன்னு ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று உபசாரம் தடபுடலாக இருக்கும். அதே பொருள் பழுதாகி நிற்கும்போது நம்மிடம் பேச ஒரு மனுஷர் கிடைப்பதில்லை. சின்னக் கடை என்றால் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் முன்னால் போய் நின்று, "என்னங்க இப்படிப் பண்ணிட்டீங்க?" என்று நியாயம் கேட்கலாம். பெரிய கம்பெனிக்கு முகம் கிடையாது. ஒரு நம்பர்தான் இருக்கிறது. அந்த நம்பரோடு நான் பதினாறு நாள் மல்லுக்கு நின்றேன். அதில் தெரிந்துகொண்டதை நம் வாசகியருக்கும் சொல்லலாமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் பத்தாவது வரை படித்தவள். கும்பகோணத்தில் குடியிருக்கிறோம். என் கணவர் ஒரு அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறார். நான் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து, தெருவில் பத்துப் பன்னிரண்டு வீடுகளுக்குக் கொடுக்கிறேன். செலவு போக நாளொன்றுக்கு நூற்றைம்பது ரூபாய் கையில் நிற்கும். பிள்ளைகளின் டியூஷன் ஃபீஸ் அதில்தான் நடக்கிறது. 2024 ஆடித் தள்ளுபடியில், மூன்று வருஷம் கட்டிய சீட்டுப் பணத்தை எடுத்து 26,500 ரூபாய்க்கு இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ் வாங்கினோம். டி.வி.யைப் போட்டால் அந்தக் கம்பெனி விளம்பரம் வராத நாளே கிடையாது.

அந்த ஃபிரிட்ஜில் மாவு மட்டும் இல்லை. என் மாமியாருக்குச் சர்க்கரை வியாதி. காலையும் ராத்திரியும் இன்சுலின் போட்டாக வேண்டும். பிரிக்காத பாட்டில்கள் இரண்டிலிருந்து எட்டு டிகிரி குளிரில் இருக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால் எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் என்பது ஆடம்பரம் இல்லை. அத்தையின் மருந்து அலமாரி.

2025 ஏப்ரல் முதல் வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடிந்து எழுந்து பார்த்தால் ஐஸ் தட்டு முழுக்கத் தண்ணீர். மாவு பொங்கி வழிந்து, திறந்ததும் புளித்த வாடை. பங்குனிக் கடைசி வெயில் வேறு. வாங்கி ஒன்பது மாதம்கூட ஆகவில்லை.

புகார் முடிந்துவிட்டதாம்!

வாரண்டி அட்டையில் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன். "தமிழுக்கு மூன்றை அழுத்தவும்." அழுத்தினேன். "ஃபிரிட்ஜுக்கு ஒன்றை அழுத்தவும், துணி துவைக்கும் இயந்திரத்துக்கு இரண்டை அழுத்தவும்." அதையும் அழுத்தினேன். பிறகு ஒரே பாட்டு. "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது" என்று நடுநடுவே ஒரு குரல். முக்கியமானது என்றால் எடுத்துப் பேச வேண்டியதுதானே! இருபது நிமிஷம் கழித்து ஒரு பெண் வந்தாள். பாவம், நல்ல மரியாதையாகத்தான் பேசினாள். புகார் எண் கொடுத்தாள். "நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் எங்கள் பொறியாளர் வருவார் மேடம்" என்றாள். வீட்டில் இன்சுலின் இருக்கிறது, அவசரம் என்று சொன்னேன். "கண்டிப்பா குறிச்சுக்கறேன் மேடம்" என்றாள்.

மாவு வியாபாரத்தை நிறுத்தினேன். பிரிக்காத இன்சுலின் பாட்டில்களை மெடிக்கல் ஷாப் அண்ணனிடம் கொண்டு போனேன். "குடுங்க தங்கச்சி, உங்க பேர் எழுதி நம்ம ஃபிரிட்ஜ்ல வச்சுடுறேன்" என்று வாங்கிக்கொண்டார். அன்றாடம் போடுகிற பாட்டிலுக்கு ஆஸ்பத்திரி நர்ஸம்மா ஒரு வழி சொன்னார். பெரிய மண்பானையில் ஈர மணலைப் போட்டு, அதற்குள் சின்ன மண்சட்டியை வைத்து, சட்டிக்குள் பாட்டிலைத் தண்ணீர் படாமல் வைத்து மூடினோம். இரண்டு வேளையும் மணலில் தண்ணீர் தெளிக்க வேண்டும். கம்பெனி கைவிட்டபோது குயவர் பானைதான் கைகொடுத்தது!

மூன்றாம் நாள் வந்தது. கடைத்தெருவுக்குக்கூடப் போகாமல் வீட்டிலேயே இருந்தேன். அத்தை காலையிலிருந்து திண்ணையை விட்டு நகரவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்குச் செல்போனில் ஒரு செய்தி: "வாடிக்கையாளர் வீட்டில் இல்லை. உங்கள் புகார் முடிக்கப்பட்டது. நன்றி."

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. அத்தை கேட்டார்: "ஏம்மா, நான் திண்ணையில உட்கார்ந்திருக்கேனே, என்னை ஆளாவே கணக்குல எடுத்துக்க மாட்டாங்களா?"

மறுபடி போன், மறுபடி மூன்று, மறுபடி ஒன்று, மறுபடி பாட்டு. இந்த முறை வேறு ஒரு பெண். பழைய கதை எதுவும் அவளுக்குத் தெரியாது. ஆதியிலிருந்து சொன்னேன். புதிதாக ஒரு புகார் எண், புதிதாக ஒரு நாற்பத்தெட்டு மணி நேரம்.

விற்ற கடைக்கு என் கணவர் நேரில் போனார். "விக்கிறதோட எங்க வேலை முடிஞ்சுது சார். கம்பெனியிலதான் பேசணும்" என்று கையை விரித்துவிட்டார்கள். ஆடியில் ஜில்லென்று ஜூஸ் கொடுத்த அதே கடைதான்!

நம்பர் சொன்னால்தான் சம்பளம்

ஆறாம் நாள் ஒரு பையன் பைக்கில் வந்தான். இருபத்திரண்டு வயசுதான் இருக்கும். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் கையை வைத்துப் பார்த்தான். "கேஸ் லீக் மேடம். பார்ட் வரணும். ஒரு வாரம் ஆகும்" என்றான். கூடவே, "உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், அதைச் சொல்லுங்க" என்றான். எதற்கு என்று கேட்டேன். புகாரை முடிக்கிற நம்பராம்!

"தம்பி, வேலையே ஆரம்பிக்கலை, அதுக்குள்ள எதை முடிக்கிறது?" என்றேன்.

தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். "நீங்க நம்பர் சொன்னாதான் மேடம் இன்னிக்கு வந்தது எனக்குக் கணக்குல ஏறும். நான் கம்பெனி ஆள் இல்லை. இங்க குத்தகை எடுத்தவருகிட்ட வேலை பார்க்கிறேன். ஒரு வீட்டுக்கு இவ்வளவுன்னுதான் காசு. பெட்ரோல்கூட என்னோடதுதான்" என்றான்.

அவனுக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்தேன். நம்பரைக் கொடுக்கவில்லை. அவன் வயிற்றில் அடிக்க எனக்கு ஆசை இல்லை. ஆனால் அந்த நம்பர் போய்விட்டால், கம்பெனியின் கணக்குப்படி என் வீட்டு ஃபிரிட்ஜ் ஜம்மென்று ஓடிக்கொண்டிருக்கும்.

அன்றைக்குத்தான் எனக்கு இந்த வித்தை புரிந்தது. போனில் பேசுகிற பெண்ணுக்குக் கையில் அதிகாரம் இல்லை. வீட்டுக்கு வருகிற பையனிடம் உதிரிப் பாகம் இல்லை. விற்ற கடைக்காரருக்குப் பொறுப்பு இல்லை. இந்த மூன்றும் கையில் இருப்பவர் யாரோ, அவருடைய போன் நம்பர் நமக்குக் கிடைப்பதில்லை. நாம் கோபப்படுவதெல்லாம் நம்மைப் போலவே கஷ்டப்படுகிற பிள்ளைகளிடம்தான். ஆகவே அவர்களைத் திட்டுவதை அன்றோடு விட்டேன். கோபத்தை எங்கே செலுத்தவேண்டுமோ அங்கே செலுத்துவது என்று முடிவு செய்தேன்.

சித்திரை முதல் தேதி போனில் வேறொருவர் பேசினார். கேஸ் நிரப்ப 3,800 ரூபாய் கட்டவேண்டும், அது வாரண்டியில் வராது என்றார். வாங்கிய அன்றே பில்லையும் வாரண்டி அட்டையையும் ரேஷன் கார்டு பையில் சேர்த்து வைத்திருந்தேன். ஒன்பதாவது படிக்கும் என் மகளை உட்கார வைத்து, அந்தப் பொடி எழுத்து இங்கிலீஷை வரி வரியாகப் படிக்கச் சொன்னேன். முதல் வருஷம் எல்லாப் பாகமும், கேஸும் இலவசம் என்று தெளிவாக இருந்தது. போன் போட்டு, "சரிங்க சார், இது வாரண்டியில வராதுன்னு ஒரு காகிதத்துல எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க. பணத்தைக் கட்டிடறேன்" என்றேன். "செக் பண்ணிச் சொல்றோம் மேடம்" என்று வைத்தவர்தான். அந்த 3,800 ரூபாய் பேச்சு அப்புறம் வரவே இல்லை!

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினைந்து

மறுநாள் காலையில் 1915 என்ற எண்ணுக்குப் பேசினேன். இது மத்திய அரசின் தேசிய நுகர்வோர் உதவி எண். காசு கிடையாது. தமிழிலேயே பேசலாம். பில் தேதி, மாடல் எண், இதுவரை கொடுத்த புகார் எண்கள் எல்லாவற்றையும் வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டு, ஒரு பதிவு எண் கொடுத்தார்கள். இது கோர்ட் இல்லை. தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். ஆனால் நம் புகாரைக் கம்பெனியில் இதற்கென்று இருக்கும் அதிகாரிக்கு நேராக அனுப்பிப் பதில் கேட்கிறார்கள். நமக்குத் தெரியாத அந்த ஆளின் வாசற்படி அவர்களுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

அன்றைக்கே ஒரு கடிதமும் எழுதினேன். தமிழில்தான் எழுதினேன். என்ன வாங்கினேன், எப்போது கெட்டது, எந்தெந்தத் தேதியில் பேசினேன், யார் என்ன சொன்னார்கள், எனக்கு என்ன வேண்டும், பதினைந்து நாளுக்குள் செய்யாவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன் என்று ஒன்றரைப் பக்கம். பில் நகலை இணைத்து, கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு ஒன்றும் கடைக்கு ஒன்றுமாக ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதுகளைப் பத்திரப்படுத்தினேன்.

பதினான்காம் நாள் போன் வந்தது. நான் அழைக்காமல் கம்பெனியே அழைத்தது அதுதான் முதல் தடவை! ஒன்றையும் அழுத்தச் சொல்லாமல் ஒரு மனிதர் பேசினார். பதினாறாம் நாள் இரண்டு பேர் வந்தார்கள். பின்பக்கக் குழாயை மாற்றி, கேஸ் நிரப்பினார்கள். ஒரு பைசா கேட்கவில்லை. போகும்போது பழைய கேள்வியைக் கேட்டார்கள்: "நம்பர் சொல்லுங்க மேடம்."

"ஒரு ராத்திரி ஓடட்டும் தம்பி. ஐஸ் கட்டட்டும். காலையில போன் பண்ணி நானே சொல்றேன்" என்றேன். மறுநாள் காலையில் ஐஸைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நம்பரைச் சொன்னேன்.

கதை இதோடு முடியவில்லை. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்று ஒரு செய்தி வந்தது. ஒரு நட்சத்திரம் போட்டேன். பத்தே நிமிஷத்தில் போன்! "ஏன் மேடம் ஒண்ணு மட்டும் குடுத்திருக்கீங்க? கொஞ்சம் மாத்தி அஞ்சு போட முடியுமா?" ஃபிரிட்ஜுக்குப் பதினாறு நாள், நட்சத்திரத்துக்குப் பத்து நிமிஷம்!

சட்டம் நம் பக்கம்தான்

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் 1986-ல் வந்தது. அதற்குப் பதிலாக 2019-ல் புதுச் சட்டம் போட்டு, 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் நம்மைப் போன்றவர்களுக்கு உதவுகிற சில விஷயங்களைச் சொல்கிறேன்.

கம்பெனியின் தலைமை அலுவலகம் டில்லியில் இருந்தாலும் மும்பையில் இருந்தாலும், நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். எனக்கு என்றால் தஞ்சாவூர். வக்கீல் வைத்தே தீரவேண்டும் என்பது இல்லை, நாமே பேசலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமே கிடையாது. விற்ற கடை, தயாரித்த கம்பெனி இரண்டையும் சேர்த்தே எழுதலாம். பிரச்சினை வந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் மனு கொடுக்க வேண்டும். இ-ஜாக்ரிதி என்ற அரசு இணையதளம் வழியாக வீட்டிலிருந்தும் கொடுக்கலாம். ஆணையம் போட்ட உத்தரவை மதிக்காத கம்பெனிக்காரர்களுக்கு ஜெயிலோ அபராதமோ இரண்டுமோ உண்டு.

பில் கொடுக்காமல் இருப்பதே இந்தச் சட்டப்படி முறையற்ற வணிகம். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று பில்லில் அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் முப்பது நாளுக்குள் திருப்பிக் கொண்டுபோனால், வாங்க மறுப்பதும் முறையற்ற வணிகம்தான். செல்போன் மூலம் பொருள் வாங்குகிற தங்கைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2020-ல் வந்த மின்வணிக விதிகளின்படி, அந்த நிறுவனங்கள் ஒரு குறைதீர் அதிகாரியை வைத்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட வேண்டும். புகார் கிடைத்ததாக அவர் 48 மணி நேரத்துக்குள் சொல்லவேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும்.

நான் பின்பற்றும் சில வழிகள்

1. பில், வாரண்டி அட்டை இரண்டையும் வாங்கிய அன்றே போட்டோ எடுத்து வைத்துவிடுங்கள். வெப்பத்தில் அச்சாகும் பில் கொஞ்ச மாதத்தில் வெளுத்துப்போகும்.

2. ஒரு பழைய நோட்டு போதும். போன் செய்த தேதி, நேரம், பேசியவர் பெயர், புகார் எண் நான்கையும் உடனுக்குடன் எழுதுங்கள். பால் கணக்கு எழுதுகிற நமக்கு இது ஒரு பெரிய வேலையா?

3. வேலை முடிந்து, பொருள் சரியாக ஓடும்வரை முடிக்கிற நம்பரைச் சொல்லாதீர்கள். வந்தவர் பார்த்ததை எழுதிய தாளில் ஒரு நகல் கேட்டு வாங்குங்கள்.

4. "வாரண்டியில் வராது" என்றால் எழுத்தில் கேளுங்கள். வாயால் சொல்வதற்கு இருக்கும் தைரியம் பேனாவைப் பிடித்தால் பல பேருக்கு வராது.

5. கம்பெனி நம்பரை இணையத்தில் தேடி எடுக்காதீர்கள். எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு பெண் அப்படித் தேடி, போலி நம்பரில் மாட்டிக்கொண்டு, அவர்கள் சொன்னபடி செல்போனில் ஏதோ ஒன்றை ஏற்றி, 18,000 ரூபாய் இழந்தார். பில்லிலோ அட்டையிலோ பெட்டியிலோ இருக்கும் நம்பரை மட்டுமே நம்புங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930-க்குப் பேசுங்கள். நேரம் தாழ்த்தக் கூடாது. வங்கி சம்பந்தப்பட்ட ஓ.டி.பி.யை யாருக்குமே சொல்லாதீர்கள்.

6. பதில் வராவிட்டால் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட ஆணையம்.

"ஃபிரிட்ஜ்தான் சரியாயிடுச்சே, விடேன்" என்கிறார் என் கணவர். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கோர்ட்டு, வாய்தா என்றால் யாருக்குத்தான் பயம் இல்லை? ஆனால் நோட்டை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். பதினாறு நாள் மாவு வியாபாரம் 2,400 ரூபாய். வீணாய்ப் போன மாவும் சாமானும் 600 ரூபாய். எங்கள் மாதிரிக் குடும்பத்துக்கு மூவாயிரம் ரூபாய் என்பது ஒரு மாத மளிகையில் பாதி. அதைவிட, திண்ணையில் நாள் முழுக்கக் காத்துக்கிடந்த ஒரு வயசான மனுஷியை "வீட்டில் இல்லை" என்று எழுதினார்களே, அதற்கு என்ன விலை போடுவது? நஷ்ட ஈடு கேட்டு மனுவை எழுதி வைத்துவிட்டேன். எழுதி முடித்துப் படித்துக் காட்டியபோது, "என் பேரையும் போடு, நான் வந்து சொல்றேன்" என்றார் அத்தை. அதைக் கேட்ட பிறகு என் கணவரும் தஞ்சாவூருக்குக் கூட வருவதாகச் சொல்லிவிட்டார்.

நாம் மல்லி, மிளகாய் வாங்கினாலே முகர்ந்து பார்த்து, தராசு முள்ளைப் பார்த்து வாங்குகிறவர்கள். கீரைக்காரம்மாவிடம் ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசத் தெரிந்த நமக்கு, இருபத்தாறாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்ட கம்பெனியிடம் கேள்வி கேட்க வாய் இல்லையா என்ன? கூச்சல் போட வேண்டாம், கண்ணீர் விட வேண்டாம். தேதி போட்டு எழுதுங்கள், ரசீது வைத்துக்கொள்ளுங்கள், விடாமல் கேளுங்கள். உங்களுக்கும் இதுபோல அனுபவம் இருந்தால், எப்படிச் சமாளித்தீர்கள் என்று இந்தப் பகுதிக்கு எழுதுங்கள் தோழிகளே. ஒருத்திக்குத் தெரிந்த வழி பத்துப் பேருக்கு உதவட்டும்!

— ஒரு வாசகி, கும்பகோணம்.